அடைத்துக்கொண்டு நின்ற மெயில்

இன்று காலை பத்தரை மணி இருக்கும். நம் உப்பளத் தொழிலாளர் சங்க ஆபீசில், கேபிள் வேலைக்காக டவுனிலிருந்து வந்த ஆள் என் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து, நெட் கேபிளின் தலையைப் பிடுங்கினார். ஐம்பது வயதுக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை உற்றுப் பார்த்தார். அப்புறம் மூக்குக்குக் கொண்டுபோய் மோந்தார்.

"யாருங்க இதுல எண்ணெய் உட்டது?"

நான் கையில் வாங்கி மோந்து பார்த்தேன். சிக்கு பிடித்த தேங்காய் எண்ணெய். அதோடு உப்புத் தூசியும் சேர்ந்து, கம்பிப் பற்களுக்கு நடுவே பச்சையாகக் களிம்பு அப்பியிருந்தது. அந்த வாடை எனக்குப் புதிதில்லை. வாராவாரம் என் விரலில் இருக்கிற வாடைதான்.

"நான்தாங்க," என்றேன்.

"கதவு கீலுக்கு உடறத இதுக்குமா உட்டீங்க? ஏம்மா, இது என்னா சைக்கிள் செயினா?" என்று சிரித்தார். பழைய தலையை வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்து நசுக்கினார். அந்தப் பக்கத்து முனையிலும் அதே வேலை. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மெயிலைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். நாற்பத்து மூன்று மெயில், பெரியது சின்னது எல்லாம், ஒரே மூச்சில் இறங்கி வந்து உட்கார்ந்தன. 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' என்று எட்டிப் பார்க்குமே, அந்தப் பாழாய்ப்போன சின்னப் பெட்டி, அது வரவே இல்லை.

"எவ்ளோ நாளா இந்தத் தொந்தரவு?"

"மூணு வருஷமா."

"மூணு வருஷமாவா!" என்று வாயைப் பிளந்தார். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீ கண்ணை மூடிப் பத்து மாதம் ஆகிறது. உனக்குத் தெரிந்ததையெல்லாம் உனக்கே எழுதப் போகிறேன், திட்டாதே. முதலிலிருந்து எழுதினால்தான் எந்தெந்த இடத்தில் என் கை பட்டது என்று எனக்கே வரிசையாகத் தெரியும். இதை வேறு யாரிடம் சொல்வது? சொல்லக்கூடிய ஒரே ஆளிடம் இன்று மதியம் சொல்லியாகிவிட்டது. அதையும் கடைசியில் எழுதுகிறேன்.

நீ சங்கத்துச் செயலாளர், நான் எழுத்து வேலைக்காரி. அளத்தில் உப்பு வாருகிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும், வெயிலுக்கு ஒதுங்க ஒரு கொட்டகை வேண்டும், கண் கூசாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி வேண்டும் என்று மனு எழுதுவது என் வேலை. அதை அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை அதிகாரிகளின் உயிரை எடுப்பது உன் வேலை. பாண்டியில் ஒரு கம்பெனியில் பதினைந்து வருஷம் கம்ப்யூட்டர் பார்த்தவள் நீ. வீட்டுக்காரர் போன பிறகு அந்த வேலையை உதறிவிட்டு சங்கத்தில் வந்து உட்கார்ந்தாய். எனக்கு உன்னைவிட இரண்டு வயது குறைவு. ஒருநாள் தெரியாமல் அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். "இன்னொரு வாட்டி அக்கான்னே, செருப்பு பிஞ்சிடும்," என்றாய். அதற்கப்புறம் நமக்குள் வாடி போடிதான்.

முதலில் சங்கத்துக்கு ஒரு இலவச மெயில் கணக்குதான் இருந்தது. அது ஒருநாள் திடீரென்று பூட்டிக்கொண்டது. திறக்க வேண்டுமானால் பழைய செயலாளருடைய போன் நம்பருக்கு வரும் எண்ணைச் சொல்ல வேண்டுமாம். அவர் அந்த நம்பரை விட்டே நாலு வருஷம் ஆகியிருந்தது. மனு, பதில், போட்டோ எல்லாம் போச்சு. அன்றைக்கு நீ ஆடிய ஆட்டம் இருக்கிறதே! "நம்ம வூட்டு சாமானை எவன் வூட்டுலயோ வெச்சிட்டு சாவிக்கு நாம அலையறதா? நானே ஒன்னு கட்டறேன் பாரு," என்றாய். கம்பெனியில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டி, நமக்கென்று சொந்தமாக ஒரு மெயில் சர்வர் செய்தாய். கொடிகளும் மைக் செட்டும் கிடக்கிற பின் அறையில் அதை வைத்தாய். முன் அறையில், அளத்தைப் பார்த்த ஜன்னலோரம் என் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவில் சுவரோடு ஒரு நீளக் கேபிள். சங்கத்து முகவரிதான் உன் முகவரியும். தனக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்வது உனக்குப் பிடிக்காது.

முதல் வருஷம் ஒழுங்காகத்தான் ஓடியது. அப்புறம்தான் சனி பிடித்தது. மெயிலைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், கடைசியில் அந்தச் சின்னப் பெட்டி வரும். ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. சின்ன மெயில் வரும், பெரிய மெயில் பாதியில் நின்றுவிடும். நீ விட்டாயா? சர்வரின் கடிகாரம் பின்னுக்குப் போகிறது என்று பேட்டரி மாற்றினாய். அதன் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று புதுப்பித்தாய். மெயில் போய்வருகிற போர்ட் நம்பரை மாற்றிப் பார்த்தாய். வைரஸ் தடுப்பு நடுவில் புகுந்து கெடுக்கிறது என்று அதைத் தூக்கினாய். நெட் கம்பெனிக்குப் போன் போட்டு அங்கே இருந்த பெண்ணை அழவைத்தாய். ஒவ்வொரு முறையும் என்ன செய்வாய் என்றால், கேபிளையும் ஒரு தடவை பிடுங்கி, முந்தானையில் துடைத்து, திரும்பச் சொருகுவாய். உடனே ஓடும். நீ கடைசியாக மாற்றிய செட்டிங்குக்குத்தான் அந்தப் பெருமை போகும். "பாத்தியா, இதான் கோளாறு. புடிச்சிட்டேன்," என்பாய். மூன்று நாள், நாலு நாள். மறுபடியும் படுத்துக்கொள்ளும்.

துடைத்ததால்தான் ஓடியது என்று இன்றைக்குத் தெரிகிறது. உன் மூளையைக் காட்டிலும் உன் முந்தானை நன்றாக வேலை செய்திருக்கிறது.

நான் செய்தது இதுதான். நம் ஊர்க் காற்றில் எந்த இரும்பும் நிற்காது. புதுப் பூட்டு ஒரு மழைக்குத் தாங்காது, தாழ்ப்பாள் கையோடு வரும். அதனால் வெள்ளிக்கிழமை ஆபீசைப் பெருக்கித் துடைத்து, படத்துக்குக் கற்பூரம் காட்டிய கையோடு, ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் ஒரு கோழி இறகும் எடுத்துக்கொள்வேன். பூட்டு, கீல், பீரோ சாவி, ஜன்னல் கொக்கி, உன் சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு தடவல். எங்கள் வீட்டில் அப்படித்தான், உங்கள் வீட்டில் அப்படித்தான், இந்தக் கடலோரத்தில் எவள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு வெள்ளிக்கிழமை கேபிள் தலை கழன்று தொங்கியது. அதன் மஞ்சள் பற்களில் லேசாகப் பச்சை படிந்திருந்தது. ஐயோ, இதையும் உப்பு தின்கிறதே என்று இறகால் ஒரு தடவு தடவிச் சொருகினேன். நல்லது செய்தேன் என்று நினைத்தேன். அப்புறம் அதுவும் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. பூட்டுக்கு எண்ணெய் போட்டேன் என்று யாராவது யாரிடமாவது போய்ச் சொல்வார்களா?

நீ கிட்டத்தட்டப் பிடித்துவிட்டாய். அதுதான் வயிறு எரிகிறது. "கோமதி, ஒன்னு கவனிச்சியா? சனிக்கிழமை ஆனா படுத்துக்குது," என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுக்கும் லீவு வேணும் இல்ல," என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. வெள்ளி இரவு சர்வர் தானாக எல்லா மெயிலையும் இன்னொரு பெட்டியில் நகல் எடுக்கிறது, அந்த வேலைதான் அதைக் களைப்பாக்குகிறது என்று முடிவு செய்தாய். நகல் எடுப்பதைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினாய். அதற்கப்புறமும் சனிக்கிழமை படுத்துக்கொண்டது. நீ தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாய். பக்கத்திலேயே, விரலில் எண்ணெய்ப் பிசுக்கோடு, நான் உனக்கு டீ ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கோளாறோடு குடித்தனம் நடத்தப் பழகினோம். மெயில் வந்த வரிசையில்தான் இறங்கும். முன்னால் ஒரு பெரிய மெயில் நின்றுவிட்டால், அளத்துச் சந்தில் லாரி சிக்கிய மாதிரி, பின்னால் இருப்பதெல்லாம் அப்படியே நிற்கும். அதற்கு நீ எனக்கு ஒரு வழி கற்றுக் கொடுத்தாய். கறுப்புத் திரையைத் திறந்து நாலு வார்த்தை அடித்தால் சர்வரில் நிற்கிற மெயில்களின் எண்ணும் அளவும் வரும். எது பெரிதோ அதை எண்ணைச் சொல்லி அங்கேயே அழித்துவிடலாம். யார் அனுப்பியது என்பது அதில் தெரியாது. அதற்கு இன்னொரு வார்த்தை அடிக்க வேண்டும். அதையும் சொல்லிக் கொடுத்தாய். நீயும் அடித்ததில்லை, நானும் அடித்ததில்லை. பத்தில் ஒன்பது, எவனாவது மாநாட்டு நோட்டீசைத் தலைவர் படங்களோடு அப்படியே போட்டோ பிடித்து அனுப்பியதுதான். "பெருசா நின்னா அடிச்சிடு," என்பது உன் சட்டம். நான் சட்டத்தை மீறாதவள்.

இனி உன் பிள்ளை கதை. அதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றினேன்.

அவன் மஸ்கட்டிலிருந்து போன் செய்து, கூட வேலை பார்க்கிற நர்சைக் கல்யாணம் செய்து மூன்று மாதம் ஆகிறது என்று சொன்ன அன்று, நீ அளத்தில் நின்றுகொண்டிருந்தாய். தண்ணீர் மனுவுக்குக் கையெழுத்து வாங்கப் போயிருந்தோம். பெண் வேறு சாதி, வேறு ஊர் என்பதெல்லாம் உனக்கு ஒரு பொருட்டே இல்லை. "விசேஷம் முடிஞ்சப்புறம் தகவல் சொல்ற ஆளாடா நானு?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். அவன் என்ன சொன்னானோ, போனை வைத்தாய். குனிந்து, குவித்திருந்த உப்பில் ஒரு கை அள்ளினாய். "இந்த உப்பு மேல சத்தியம். இனிமே என் வாய் அவன்கூட பேசாது." பன்னிரண்டு பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உப்பு மேல் செய்த சத்தியத்தை மீறினவளோடு அளத்தில் எவளும் பாத்தியில் கால் வைக்க மாட்டாள். நீயோ செயலாளர். அவசரக் குடுக்கை, தனியாக இருக்கும்போது செய்திருக்கக் கூடாதா?

அவன் இரண்டு முறை கூப்பிட்டான். நீ போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாய். மூன்றாம் முறை அவன் கூப்பிடவில்லை.

ஒன்றரை வருஷம் அப்படியே போனது. போன வருஷம் ஆனி மாதம் கிளியனூரிலிருந்து உன் நாத்தனார் வந்து, அவனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை என்னை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு நீ உட்கார்ந்தாய்.

"என்னா பண்றே?" என்றேன்.

"மெயில் போடறேன்."

"யாருக்கு?"

"வாய் பேசாதுன்னுதான் சத்தியம் பண்ணேன். கை எழுதாதுன்னு சொல்லலியே," என்றாய். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாலு நாள் எழுதினாய். எழுதுவாய், அழிப்பாய். கடைசியில் அனுப்பியது ஒரே வரி: 'குழந்தை பிறந்திருக்கிறதாம், பெண்ணா பிள்ளையா, யார் ஜாடை?' இதற்கா நாலு நாள் என்று கேட்டேன். "போடி, உனக்கு இன்னா தெரியும்," என்றாய். அன்றிலிருந்து ஆபீசுக்குள் நுழையும்போதே, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "வந்துச்சா?" என்பாய். எது என்று சொல்ல மாட்டாய்.

ஆடியில் உன் உடம்பு விழுந்தது. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. பாண்டி ஆஸ்பத்திரியில் கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார்கள். மூன்று வாரம் அங்கேயே கிடந்தாய். அதில் ஒரு வாரம், நான் புதன், வியாழன் உன்னோடு இருந்தேன். வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தேன். ஆபீசைத் திறந்தேன், பெருக்கினேன், கற்பூரம் காட்டினேன், எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். மெயிலைத் திறக்கவில்லை. அசதி, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று பூட்டிவிட்டுப் போனேன். எண்ணெய் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை திறந்திருந்தால் ஒருவேளை இறங்கியிருக்கும். இந்த 'ஒருவேளை'யைக் காலையிலிருந்து நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை மெயில் நின்றது. கறுப்புத் திரையைத் திறந்தேன். ஏழு மெயில். முதலாவது, நான் அதுவரை பார்த்ததிலேயே பெரியது. கையை வைப்பதற்கு முன்னால் உனக்குப் போன் போட்டேன். நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"வந்துச்சா?"

"ஒன்னு அடைச்சிக்கிட்டு நிக்குது. அத்த தாண்டி எதுவும் இறங்கல."

"பெருசா?"

"ரொம்பப் பெருசு."

"அடிச்சிட்றி. எவனாவது மாநாட்டு நோட்டீஸ் அனுப்பியிருப்பான். பின்னாடி என்னா நிக்குதோ, அது கெடக்கட்டும். சீக்கிரம்."

அடித்தேன். பின்னால் நின்ற ஆறும் ஒவ்வொன்றாக இறங்கின. போனை வைக்காமல் நீ காத்திருந்தாய். ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். ஐந்து சுற்றறிக்கை, ஒன்று குடிநீர் வாரியத்திலிருந்து. "வேற ஒன்னும் இல்லியா?" என்றாய். இல்லை என்றேன். "சரி, வெச்சிடு," என்றாய்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் நீ ஆபீசுக்கு வராமல் இல்லை. ஆட்டோவில் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்து, அந்தப் பாழாய்ப்போன செட்டிங்கைத் திறப்பாய். மெயில் இறங்க ஒரு நிமிஷம் காத்திருந்ததை ஐந்து நிமிஷம் காத்திருக்கும்படி மாற்றினாய். "நான் கட்டுன சர்வர் சரியில்லடி. அவன் பதில் போட்டு, இது முழுங்கியிருந்தா?" என்றாய். "அப்படியெல்லாம் இருக்காது," என்றேன் நான். அந்தப் பெரிய மெயில் அப்போது என் நினைவுக்கே வரவில்லை. சத்தியமாக வரவில்லை. வந்ததும் போனதும் பதிவாகிற கோப்பைத் திறந்து பார்த்தாய். இடத்தை அடைக்கிறது என்று அது வாராவாரம் அழியும்படி நீயேதான் வைத்திருந்தாய். அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"நான் ஒரு போன் போடட்டுமா அவனுக்கு?" என்று கேட்டேன். "போட்டே, இந்த ஜென்மத்துல உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்," என்றாய். உன் பேச்சை நான் எத்தனை விஷயத்தில் மீறியிருக்கிறேன்! இந்த ஒன்றில் மட்டும் ஏன் அடங்கிப் போனேன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஐப்பசியில் நீ கேட்பதை நிறுத்தினாய். உள்ளே வந்தாய், உட்கார்ந்தாய், என்ன மனு இருக்கிறது என்றாய். 'வந்துச்சா' இல்லை. அன்று சாயந்திரம் ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது சொன்னாய்: "அவன் போட மாட்டான் கோமதி. என் ரோஷம் அப்படியே அவனுக்கு வந்திருக்குது." அதை நீ பெருமையாகச் சொன்னாயா, மனசு விட்டுப்போய்ச் சொன்னாயா என்று எனக்குப் பிடிபடவில்லை. கார்த்திகை மழையில், அளமெல்லாம் தண்ணீர் நின்ற நாளில், நீ போய்விட்டாய்.

அவன் மறுநாள் வந்தான். எல்லாம் முடிந்த பிறகு வந்தான். அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டான். பதினாறாம் நாள், பந்தல் பிரிக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றான்.

"சித்தி, அம்மா மெயில் போட்டிருந்தாங்க. ஒரு வரி. நான் அன்னிக்கே எழுத உட்காந்தேன், என்னா எழுதறதுன்னே தெரியல. ஒரு மாசம் ஆயிடுச்சி. அப்பறம் எழுத்தே வேணாம், பாப்பா போட்டோவே பேசட்டும்னு பதினோரு போட்டோ அனுப்புனேன். ஒரு வார்த்தை பதில் போடல சித்தி."

"எப்போப்பா அனுப்புனே?" என்றேன்.

"ஆடியில. ஒரு புதன்கிழமை."

எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. பதினோரு போட்டோ. முதலாவது மெயில். நான் பார்த்ததிலேயே பெரியது. "அம்மாவுக்கு அப்ப ஒடம்பு முடியலப்பா," என்று ஏதோ உளறினேன். "எழுத முடிஞ்சிச்சே, படிக்க முடியலையா?" என்றான். இன்னொரு முறை அனுப்பிப் பார்ப்பதுதானே என்று கேட்டேன். "எத்தினி வாட்டி சித்தி கெஞ்சறது?" என்றான். அப்படியே உன் வாய், உன் முகவெட்டு.

அவன் ஊருக்குப் போன பிறகு சர்வரின் நகல் பெட்டியைக் குடைந்தேன். செவ்வாய்க்கிழமை எடுத்த நகல் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை எடுத்ததும் இருந்தது. புதன்கிழமை வந்து சனிக்கிழமை அழிந்த மெயில் இரண்டுக்கும் நடுவில் போய்விட்டது. பழையபடி வெள்ளிக்கிழமை நகல் எடுத்திருந்தால் அது இருந்திருக்கும். என் எண்ணெயால் நீ அந்தக் கிழமையை மாற்றினாய் என்பது அப்போது தெரியாது.

பத்து மாதம் நான் எப்படிச் சோறு தின்றேன் தெரியுமா? சர்வர் கோளாறு, விதி, அவள் சொன்னாள் நான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெஷினில் இருந்த கோளாறுக்கு மனுஷி என்ன செய்வாள் என்று சமாதானம். அவனிடம் சொல்லலாமா என்று எத்தனையோ தரம் நினைத்தேன். சர்வர் மேல் பழியைப் போட்டுச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். இன்று காலை அந்த ஆள் மோந்து பார்த்தார். என்னிடம் இருந்த ஒரே சமாதானமும் போய்விட்டது. கோளாறே நான்தான்.

மதியம் அவனுக்குப் போன் போட்டேன். சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போட்டேன். எண்ணெயில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுதுவிட்டேன், நிறுத்தவில்லை. நீ 'அடிச்சிட்றி' என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. நானாகத்தான் அழித்தேன் என்றேன். தன் பிள்ளையின் மெயிலை அழிக்கச் சொன்னது தாயே என்று அவனுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? அது என்னோடு இருக்கட்டும். நீயும் அங்கே யாரிடமும் சொல்லித் தொலைக்காதே.

அவன் முழுவதையும் கேட்டுக்கொண்டான். அப்புறம் கேட்டான்.

"அப்ப அம்மா எதிர்பாத்துக்கிட்டே இருந்தாங்களா சித்தி?"

"தெனமும்பா. செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே கேப்பா."

"பதில் வரலன்னு நெனச்சிக்கிட்டேதான் போனாங்களா?"

ஆமாம் என்று சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷத்தில் தோன்றவில்லை.

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் சித்தி," என்றான். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். "அம்மா என்மேல கோவமாவே போயிட்டாங்கன்னு இருந்தேன். கஷ்டமாத்தான் இருந்திச்சி, ஆனா பழகிடுச்சி. கோவக்காரங்க, அப்படித்தான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இத்த நான் எப்படி பழகுவேன்?"

ஏதாவது செய்ய வேண்டுமே என்ற பதைப்பில், "லைன் இப்ப நல்லா ஆயிடுச்சிப்பா. அந்தப் போட்டோவெல்லாம் இன்னொரு வாட்டி அனுப்பு," என்றேன்.

"யாருக்கு சித்தி?" என்றான்.

அவன் இரண்டு தடவை "சித்தி, சித்தி," என்றான், லைனில் இருக்கிறேனா என்று தெரிவதற்காக. அப்புறம் வைத்துவிட்டான்.

ஜன்னலுக்கு வெளியே பெண்கள் வரிசையாகக் கூடையோடு வரப்பில் வருகிறார்கள். நாளைக்குக் கொட்டகை மனுவை அனுப்ப வேண்டும், தடையில்லாமல் போய்ச் சேரும். சுமையை இறக்கி வைக்கலாம் என்றுதான்டி அவனுக்குப் போன் போட்டேன். அவன் தலையிலும் ஏற்றிவிட்டேன். என் தலையில் இருந்தது ஒரு குண்டுமணி அளவுகூடக் குறையவில்லை.